வெள்ளை எலிக்கு வைத்த மல்லாட்டை

என் அக்கா ரஹமத்துன்னிசாவுக்கும் எனக்கும் ஒரே நாளில்தான் மணல்வாரி அம்மை கண்டது. எழுபத்தாறாம் வருஷக் கோடை. ஒரே பாய், ஒரே போர்வை. காய்ச்சலிலும் அவள் என் முதுகில் விரலால் எழுத்துப் போடுவாள். நான் என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். 'வ' என்று தொடங்கினாலே என் பெயர், வஜீதா, என்று தெரிந்துவிடும். தெரியாததுபோல் இருப்பேன், இன்னும் எழுதட்டும் என்று.

ஒரு மத்தியானம் அம்மா அக்காவுக்கு இளநீர் வைத்துவிட்டுக் கண் அயர்ந்தாள். அக்கா டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

"கசக்குது. நீ குடிச்சிடு. அம்மாகிட்ட சொல்லாத."

குடித்தேன். ஒரு வாரத்தில் நான் எழுந்து உட்கார்ந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அவளை அடக்கம் செய்தார்கள். அவள் கையைப் பிடித்தே பள்ளிக்குப் போய்ப் பழகியவள் நான், பிறகு போகவில்லை. டம்ளரைப் பற்றி யாரிடமும் சொல்லவுமில்லை.

எட்டு வருஷம் போயிற்று. கலீல் அண்ணன் வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் வேலையில் இருந்தான். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், மலை சுற்ற வந்த கூட்டத்தில் பஸ் நகராமல், ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தான். அம்மாவும் நானும் மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர், உரித்துக்கொண்டிருந்தோம். பார்த்ததும் சிரித்தான்.

"இதாலதாம்மா எனக்கு அங்க திட்டு."

"என்னடா பண்ண?"

"எலிக்கு வர்ற அம்மையை ஊசியில ஏத்திக் கறுப்பு எலிக்கும் போடுறாங்க, வெள்ளை எலிக்கும் போடுறாங்க. கறுப்பு தேறிடுது, வெள்ளை செத்துடுது. மனசு கேக்கல. மல்லாட்டையை ஊறவெச்சு வெள்ளைக்கு மட்டும் திருட்டுத்தனமா போட்டேன்."

"பொழைச்சுதா?"

"எங்க! தின்னுட்டு செத்துச்சு. டாக்டரம்மா கத்துனாங்க பாரு, 'தீனியில ஒண்ணும் இல்லப்பா, பொறவியிலயே இருக்கு'ன்னு."

அம்மாவின் கை நின்றது. "பொறவின்னா? பெத்தவ குத்தமா?"

"அதில்லம்மா. கறுப்பையும் வெள்ளையையும் கலந்து, அதுங்க பேரக்குட்டிங்களுக்கும் போட்டாங்க. ஒரே ஈத்துல ஆறு பொழைச்சுது, ரெண்டு போச்சு. தாய் எல்லாத்துக்கும்தான் பால் குடுத்துச்சு. எதுக்கு எது வாய்க்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அன்னிக்கு நான் கண்ணசந்துட்டேன்டா. அவளுக்கு எளநியை ஊட்டாம..."

"நான்தான் குடிச்சேம்மா" என்றேன்.

அம்மா திரும்பினாள். "முழுசுமா?"

"முழுசும். அவதான் குடுத்தா. கசக்குதுன்னு சொன்னா."

"எளநி எங்கடி கசக்கும்?" அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பொய் சொல்லியிருக்கா, கழுத. உனக்குக் குடுக்கத்தான்."

உரித்த மல்லாட்டையை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டாள்.