அடைத்த கடப்பு

ரிப்கா இந்தத் தடவையும் போனை எடுக்கவில்லை.

கத்தாரில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல் நிற்கும் பஹ்மி, இரவு வேலை முடிந்து வந்து கட்டிலில் குந்தியபடி காத்தான்குடியிலிருக்கும் மனைவிக்கு எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. தலை சுற்றுகிறது என்று நேற்றே சொன்னவள். போனில் வீட்டுக் கெமராவைத் திறந்தான். இரும்புக் கேற் உள்ளே பூட்டியிருந்தது. ஒழுங்கையில் ஒரு ஆடு நின்றது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட அந்தக் கெமராவை அவன் பொருத்தவில்லை; வாசலில் யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கத்தான்.

பக்கத்து வளவில் ரிப்காவுக்கு மூத்த ராத்தா அஸ்மியா இருக்கிறாள். உம்மாவின் ஒரே வளவை இரண்டாக்கி, இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடுவில் கிடுகு வேலி. வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு. கறிக் கோப்பை, பிள்ளை, சண்டை எல்லாம் குசினிக்குக் குசினி அந்தக் கடப்பால்தான் போய்வந்தது. போன வருடம் லீவில் வந்த பஹ்மி வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பினான். மேலே கண்ணாடித் துண்டு பதித்தான். ஏன் என்று கேட்டவர்களிடம், அஸ்மியாவின் புருஷன் உசனாரின் பார்வை சரியில்லை என்றான். அப்படி எதையும் அவன் கண்டதில்லை. மதிலுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ராத்தாவும் தங்கச்சியும் சந்திக்க அபாயா போட்டு, ஒழுங்கையால் சுற்றி, கேற்றைத் தட்ட வேண்டும். தட்டுவது குறைந்து, பிறகு நின்றும் போனது.

அஸ்மியாவுக்கு எடுத்தான். உசனார் பேசினான். அண்ணன் முறைக்கு அவனைப் பஹ்மி காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, ரிப்கா போன் எடுக்கிறாள் இல்ல. ராத்தாவ ஒருக்கா அனுப்புங்க."

கெமராவில் அஸ்மியா வந்தாள். அபாயா இல்லை, தலையில் துணி மட்டும். கேற்றை இரண்டு கையாலும் அடித்தாள். கூப்பிட்டாள். திரும்பி ஓடினாள்.

"சத்தமில்லையாம்," என்றான் உசனார்.

"மதிலால பாயுங்க காக்கா."

"பாயலாம். தனியப் பொம்புள இருக்கிற வளவுக்குள்ள உசனார் பாய்ஞ்சான் எண்டு நாளைக்கு ஆரு சொல்லுவா?"

"ஆரும் சொல்ல மாட்டாங்க."

"போன முறை ஆரு சொன்ன?"

"நான்தான். பொய் சொன்ன."

"ராத்தா பக்கத்திலதான் நிக்கிறா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கன். இன்னொருக்காச் சொல்லு."

"நான் பொய்தான் சொன்ன, ராத்தா."

"ரெண்டு ஆம்புளையும் நியாயம் பேசி முடிக்க என்ட தங்கச்சி மவுத்தாயிருவாள்," என்றாள் அஸ்மியா. "சம்மட்டிய எடுங்க. மதில உடைச்சுத் தாங்க, நான் போறன்."

உசனார் மேசன். அடி விழத் தொடங்கியது. பஹ்மி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒவ்வொரு அடிக்கும் இடையில் அங்கே மனைவியின் குரல் வருமா என்று உற்றுக் கேட்டான். வரவில்லை. கல் சரிந்தது. அஸ்மியாவின் குரல் தூரத்தில் போய், பிறகு ஒரேயடியாகப் பக்கத்தில் வந்தது.

"பாத்ரூமுக்குள்ள விழுந்து கிடக்கிறாள். மூச்சு இருக்கு. ஓட்டோவக் கூப்பிடுங்க."

போன் நின்றது.

அவன் படுக்கவில்லை, சாப்பிடவில்லை. பின்னேரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அஸ்மியா எடுத்தாள்.

"பொம்புளப் புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க, தப்பும் எண்டு டொக்டர் சொல்றாரு. ரிப்கா கண் முழிச்சிட்டாள்."

"போனக் குடுங்க ராத்தா."

அங்கே குசுகுசுத்தார்கள்.

"வேணாமாம்."

"எப்ப கதைப்பாளாம்?"

"கேட்டன். அங்கால திரும்பிப் படுத்திட்டாள்."