இருபத்து நாலு எழுத்து

ஐந்து எழுத்து வெட்ட இரண்டரை நிமிஷம். இருபத்து நாலு எழுத்து வெட்டப் பன்னிரண்டு நிமிஷம். இந்தக் கணக்கை அவள் போன வாரமே சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டாள்.

கடைத்தெருவில் அவளுக்குப் பேர்வெட்டி என்றுதான் பெயர். பாத்திரமோ கேடயமோ, எதைக் கொடுத்தாலும் சின்னச் சுத்தியும் உளியுமாக உட்கார்ந்து பேர் வெட்டிக் கொடுப்பாள். வருஷத்தில் ஒரே ஒரு பிற்பகல் மட்டும் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேடியத்துக்குப் போவாள். கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். கடைசி விசில் ஊதியதும் ஜெயித்த அணியின் பேரைக் கோப்பையில் வெட்டி ஐந்தே நிமிஷத்தில் மேடைக்கு அனுப்ப வேண்டும். அதற்காக எல்லைக்கோட்டிலிருந்து ஐந்தடி தள்ளி அவளுக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுப்பார்கள்.

அந்த ஐந்தடிதான் அவள் உயிர். கோடீஸ்வரன் கேட்டாலும் கிடைக்காத இடம். ஆட்டக்காரன் மூச்சு வாங்குவது கேட்கும், புல் பிய்ந்து முகத்தில் தெறிக்கும்.

ஏழு வருஷமாக ஜெயித்தது துறைமுகம் அணி. ஐந்து எழுத்து. வெட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்கும். இந்த வருஷம் அதை எதிர்த்து வந்து நின்றதோ பனிக்கட்டி ஆலைத் தொழிலாளர் கால்பந்துக் கழகம்.

"சார், இந்தப் பேருக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது" என்றாள் பேர்வெட்டி.

செயலாளர் சிரித்தார். "ஜெயிச்சாத்தானேம்மா வெட்டணும்? நீ நிம்மதியா வா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. விசிலுக்கு முன்னாடி கோப்பை மேல உளி பட்டுச்சுன்னா அடுத்த வருஷம் அந்த மேஜை கிடையாது. கோப்பையை உன் கடைக்கே கொடுத்தனுப்பிடுவோம்."

அவளுக்குச் சுருக்கென்றது. பட்டியலில் கடைசியில் கிடப்பவர்கள் மேல்தான் அவளுக்கு எப்போதும் பாசம். ஐஸ்காரர்களோ கடைசிக்கும் கடைசி. கோல்கீப்பர் பகலெல்லாம் ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுக்கிறவன். விரல் மரத்துப்போனதால் பந்து பட்டால் வலிக்காது என்று பெருமை பேசுவான். இந்தக் கும்பல் மூன்று பெரிய அணிகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருந்தது.

இறுதி ஆட்டத்தன்று மேஜையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது அவள் புருஷன். சைக்கிள் கடைக்காரன். உருண்டைக் கோப்பை உருளாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிப்பது அவன் வேலை. அவனோ பிறவியிலேயே துறைமுகம் கட்சி. அது தோற்றால் மூன்று நாள் சோறு இறங்காது. ஊருக்கே தெரியும்.

"உங்க ஐஸெல்லாம் இன்னைக்கு வெயில்ல உருகி ஓடப்போகுது பாரு" என்றான்.

"கோப்பையை ஒழுங்காப் பிடிங்க. வாயால பிடிக்க வேண்டாம்."

எண்பதாவது நிமிஷம். ஐஸ் அணியின் ஒல்லி என்கிற பையன் பந்தை முழங்காலால் தட்டினானா, தொடையால் தட்டினானா, அவனுக்கே தெரியாது. பந்து உள்ளே போய்விட்டது. ஒன்றுக்குப் பூஜ்யம்!

பேர்வெட்டி கத்தக்கூடாது. மேஜையில் இருப்பவர்கள் நடுநிலை. முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

எண்பத்து நாலு. இன்னும் ஆறு நிமிஷம், அப்புறம் ஐந்து. மொத்தம் பதினொன்று. வேண்டியதோ பன்னிரண்டு. மேடையில் கேமராவெல்லாம் காத்திருக்க, ஐஸ்காரர்கள் கையில் பாதிப் பேரோடு கோப்பையைக் கொடுப்பதா? முதல் தடவை ஜெயிக்கிறவர்களுக்கு அரைகுறைப் பேரா?

கை தானாக உளியை எடுத்தது.

டொக். டொக். டொக். அரங்கம் போட்ட கூச்சலில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. எதிரே இருந்த புருஷன் காதிலும்தான். அவன் கை கோப்பையில் இருந்ததே தவிர, கண்ணும் கருத்தும் மைதானத்தில். "டேய், ஏறிப் போங்கடா! தூங்குறீங்களாடா?" என்று அலறிக்கொண்டிருந்தான். நடுநிலையாவது ஒன்றாவது!

பனிக்கட்டி. ஆலைத். தொழி. பதினோரு எழுத்து முடிந்தது.

தொண்ணூறாவது நிமிஷம். துறைமுகத்தின் கேப்டன் தலையால் முட்டினான். வலை குலுங்கியது. ஒன்றுக்கு ஒன்று.

புருஷன் துள்ளிய துள்ளலில் கோப்பையே கவிழப் பார்த்தது. குனிந்து பிடித்தவன் பார்த்துவிட்டான்.

"அடிப்பாவி! என்ன இது?"

"மெதுவாப் பேசுங்க."

"ஆட்டம் முடியல, நீ கல்யாணத்தையே முடிச்சு வெச்சிட்டியா? வெள்ளி முலாம்டி! அழிக்க முடியுமா?"

"முடியாது."

"நாங்க ஜெயிச்சா எங்க கேப்டன் இதையா தூக்கிக் காட்டுவாரு?"

அவள் துடைக்கிற துணியைக் கோப்பை மேல் போட்டாள். மேஜை போயிற்று. ஐஸ்காரர்களாவது ஜெயித்துத் தொலைய வேண்டும். ஆனால் கூடுதல் நேரத்தில் அவர்கள் ஓடவே இல்லை, தவழ்ந்தார்கள். ஒருத்தனுக்கு இரண்டு காலிலும் தசை பிடித்துக்கொண்டது. கோல்கீப்பர் மட்டும் சுவர் மாதிரி நின்றான்.

நூற்றுப் பதினேழாவது நிமிஷம். துறைமுகத்துக்காரன் உதைத்த பந்து கோட்டைத் தாண்டிப் பறந்து வந்து நேராக மேஜையில் மோதியது. துணி சரிந்து கீழே விழுந்தது. பேர்வெட்டி பதறிப்போய் எடுக்கக் குனிந்தாள்.

பாதிக் குனிவில் நின்றாள்.

பந்து உருண்டு போய் ஒல்லியின் கைக்கு வந்திருந்தது. த்ரோ ஐஸ் அணிக்கு. ஒல்லிக்குக் காவல் நிற்க ஓடி வந்த துறைமுகம் கேப்டன் மேஜைக்கு ஆறடியில். அவன் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் எழுத்து இருந்த பக்கம் பந்து மோதியதில் அவள் புருஷன் பக்கமாகத் திரும்பியிருந்தது.

துணியை எடுத்து மூடினால் போதும். யாருக்கும் தெரியாது.

பேர்வெட்டி துணியை விட்டுவிட்டு, கோப்பையைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பினாள். எழுத்தெல்லாம் வெயிலில் பளிச்சென்று கேப்டன் முகத்துக்கு நேராக நின்றது.

"டேய்! இங்க வாங்கடா! பேரையே வெட்டிட்டாங்கடா! மோசடிடா!" என்று அலறினான் கேப்டன்.

பின்வரிசையிலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். கேப்டன் ரெஃபரியைப் பார்த்துக் கையை ஆட்டினான். ரெஃபரிக்கு என்ன? பந்து எறியத் தயார், எறியலாம் என்று தலையாட்டினார். ஒல்லி எறிந்தான். த்ரோவுக்கு ஆஃப்சைடு கிடையாது. கோல் வாசலில் தனியாக நின்றவன் தசைப்பிடிப்புக்காரன். காலை மடக்க முடியாமல், விறைத்தபடியே பந்தைத் தள்ளினான்.

கோல்!

துறைமுகத்து நால்வரும் அப்போதும் கோப்பையைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் ஊதியதும் கூட்டம் வேலியைத் தாண்டிக் கொட்டியது. பேர்வெட்டி சுத்தியை எடுத்தாள். புருஷன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஆனால் இறுக்கமாகவே, கோப்பையைப் பிடித்தான். லா. ள. ர். அவள் கை இப்படி ஓடி அவளே பார்த்ததில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு செயலாளரைக் கேப்டன் இழுத்து வந்து சேர்வதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. பாக்கி நாலே எழுத்து.

"சார், ஆட்டம் நடக்கும்போதே வெட்டியிருந்துச்சு! என் கண்ணால பாத்தேன்!"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார். "நாலு நிமிஷத்துல இவ்வளவாம்மா? எப்ப ஆரம்பிச்ச?"

அவள் உளியை முந்தானையில் துடைத்தாள்.

"நீ சொல்லுப்பா" என்று செயலாளர் புருஷன் பக்கம் திரும்பினார். "துறைமுகம்னா உயிரை விடுற ஆளு நீ. நீ சொன்னா நான் நம்புறேன். விசிலுக்கு முன்னாடி வெட்டினாளா?"

கேப்டன் முகம் மலர்ந்தது. பேர்வெட்டி கண்ணை மூடிக்கொண்டாள். பழி வாங்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்?

சைக்கிள் கடைக்காரன் எழுந்தான். கேப்டனை மேலும் கீழும் பார்த்தான். மூக்கு விடைத்தது.

"நான் அதைக் கவனிக்கல சார். நான் இவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூணு நிமிஷம் பாக்கி. ஒல்லிப் பய கையில பந்து. பின்னாடி கோல் வாசல் திறந்து கிடக்குது. எங்க கேப்டன் எங்க நிக்கிறாரு? பாத்திரக் கடைக்கு வந்த மாதிரி இங்க நின்னு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு! தனியா படிச்சாப் பரவால்ல. மூணு பேரைக் கூப்பிட்டுச் சேந்து படிக்கிறாரு! இருபது வருஷமா உங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்துறேனே, இதுக்கா? பந்தைப் பாக்க வேண்டிய நேரத்துல கோப்பையைப் பாக்கலாமாய்யா?"

சுற்றி நின்ற துறைமுகம் ரசிகர்களும் அதே ராகத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். கேப்டன் வாயைத் திறப்பதற்குள் ஒரு செருப்பு காற்றில் வந்தது. அவன் குனிந்து ஓடினான். அந்த ஆட்டத்திலேயே அதுதான் அவனுடைய வேகமான ஓட்டம்.

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ம்ம், பாக்கி நாலு எழுத்தையும் வெட்டும்மா. மேடையில தேடுறாங்க. அடுத்த வருஷம் மேஜையைக் கொஞ்சம் பின்னால தள்ளிப் போடச் சொல்றேன். பத்தடி."

ஐந்தடி போயிற்று. மேஜை போகவில்லை.

கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் போனதும், புருஷன் உளிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங்க."

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"என்ன பேசணும்?"

"ஒரு மாசத்துக்கு உன்கூடப் பேச மாட்டேன்னு பேசணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். மேடையில் மரத்துப்போன விரல்கள் கோப்பையைத் தூக்கின. இனி முந்தானையைக் கடிக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், பக்கத்தில் இருந்த புருஷன் பையைக் கீழே போட்டுவிட்டான்.