தண்ணீர் நட்டது

நர்சரிக்காரியின் கை அவளைக் கேட்காமலே வேலை செய்யும். கன்றுப் பையில் விதைக்காதது எது முளைத்தாலும் பிடுங்கிப் போட்டுவிடும். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. நர்சரியில் அவற்றுக்கு ஒரே பெயர்: தானாய் வந்தது. தானாய் வந்தது என்றால் களை. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

ஆற்றோரக் குடியிருப்புச் சங்கம் நீர்மருதும் புங்கமும் கேட்டிருந்தது. இந்த மண்ணின் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவி கறாராகச் சொன்னாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சர். நர்சரிக்காரிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கேட்பாரற்றுக் கிடந்த கன்றுகள். பைக்குள் வேர் சுருண்டுகொண்டிருந்தது. இந்த மழைக்கும் தரையில் இறங்காவிட்டால் அவை மரமாவது சந்தேகம்.

கொழுந்தன் லாரியைக் கரையில் நிறுத்திப் புல்வெட்டும் மெஷினை இறக்கினான். கம்பிவேலி போட்ட பிறகு ஆடுமாடு நுழையாத கரை. புல் இடுப்புக்கு நின்றது.

“டீச்சர் வர்றதுக்குள்ள மொட்டை அடிச்சிடலாமா அண்ணி?”

“அடி. பாம்பு கீம்பு இருக்கப்போகுது, பாத்து.”

“என்னைப் பாத்தா பாம்புதான் பயப்படணும்.”

அவள் சிரித்தாள். அதற்குள் கை குனிந்து ஒன்றைப் பிடுங்கியது. சட்டென்று வரவில்லை. வெள்ளம் விட்டுப்போன ஈர வண்டல். வேர் வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம். நூல் பிடித்ததுபோல் நேர்.

அப்புறம்தான் இலையைப் பார்த்தாள். புங்கம்.

புல்லை விலக்கினாள். இன்னொன்று. தள்ளி ஒரு நீர்மருது. வெள்ளம் எந்த மட்டத்தில் நின்றதோ அந்த வரிசையில், நெற்று ஒதுங்கிய இடமெல்லாம் கன்றுகள். லாரியிலிருந்து ஒரு பையை எடுத்துக் கிழித்தாள். வேர் சுற்றிச் சுற்றித் தன்னையே இறுக்கியிருந்தது.

“எந்தப் பய நமக்கு முந்தி நட்டான்?” என்றான் கொழுந்தன்.

“எவனும் நடலை. தண்ணி கொண்டாந்து போட்டிருக்கு.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “ஒரு சுத்து விட்டா புல்லோட புல்லாப் போயிடும். நம்ம கன்னை எங்க வைக்கிறது? என் தலையிலயா?”

அவன் சொன்னதில் தப்பில்லை. லாரியில் இருப்பவை அவள் கையால் முளைத்தவை. கோடையில் வீட்டுத் தண்ணீரைக் குறைத்து அவற்றுக்கு ஊற்றியிருக்கிறாள். அவன் மெஷின் கயிற்றைப் பிடித்தபடி அவள் தலையசைக்கக் காத்திருந்தான்.

டீச்சர் வந்துவிட்டாள். “என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?”

“இங்க நடவேண்டாம் டீச்சர். நீங்க கேட்ட மரம் தானாவே வந்திருக்கு.” பிடுங்கியதை நீட்டினாள். “களைன்னு நெனச்சு நானே ஒண்ணைப் பிடுங்கிட்டேன். வேலியை மட்டும் எடுத்துடாதீங்க.”

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். புல்லை விலக்கி ஒவ்வொரு கன்றாகப் பார்த்தாள்.

“ஆளுக்கொரு மரம், ஆளுக்கொரு பலகைன்னு சங்கத்துக்காரங்ககிட்ட பேரெல்லாம் எழுதி வாங்கிட்டேனே. நடாத மரத்துல யார் பேரை மாட்டுறது?”

“குழி தோண்டினாத்தான் அவங்களுக்குத் திருப்தின்னா, மேட்டுல ரோட்டோரம் தோண்டச் சொல்லுங்க. அங்க வெள்ளம் ஏறலை. புங்கம் அந்தக் காய்ஞ்ச தரையைத் தாங்கும்.”

“மருது?”

“தாங்காது. திரும்ப எடுத்துட்டுப் போறேன்.”

கொழுந்தன் மெஷினைத் தூக்கி லாரியில் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டது. புங்கத்தை இருவருமாகச் சுமந்துபோய் மேட்டில் இறக்கினார்கள்.

“மருதுக்கு வேரை நறுக்கிப் பெரிய பைக்கு மாத்துவோம்,” என்றாள் அவள். “பிழைக்கிறது பிழைக்கட்டும்.”

“ஊருக்கு நீங்க உபகாரி, வீட்டுக்கு நான் இளிச்சவாயன்.”

லாரியைத் திருப்ப வேண்டுமானால் கன்றுகள் நிற்கும் புல்லுக்குள் ஏற்ற வேண்டும். அவன் எட்டிப் பார்த்தான். வாய்க்குள் ஏதோ திட்டினான். பிறகு கழுத்தை வெளியே நீட்டி, கரை முடிகிறவரை பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனான்.