மாமனார் வைத்த மூன்று கால்கள்

பூச்சு முடித்த பீரோவை உரியவர் வீட்டில் இறக்கிவிட்டு மாப்பிள்ளை திரும்பியபோது, பெயிண்ட் தெளிக்கக் காற்றை அடைத்துத் தரும் அவனுடைய கம்ப்ரஸர் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

காலையில் அவன் புறப்படும்போது அது படுத்திருந்தது. உருளை டேங்க் தரையோடு நீண்டு கிடக்க, மோட்டாரும் பம்பும் அதன் முதுகில் அமர்ந்திருக்க, ஷெட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போதோ டேங்க் செங்குத்தாக, மூன்று புதிய இரும்புக் கால்களில் நின்றது. உச்சியில் ஒரு தட்டு. தட்டின்மேல் மோட்டாரும் பம்பும், மட்டம் இம்மியும் பிசகாமல். தேங்கும் தண்ணீரை வடிக்கும் திருகுகூட முறைப்படி அடிப்பக்கத்துக்கு வந்திருந்தது. குறை சொல்ல முடியாத வேலை, ஒன்றைத் தவிர. கால்களும் தட்டும் டேங்கின் உடம்பிலேயே வெல்டிங் வைத்து ஒட்டப்பட்டிருந்தன.

காற்றை அடைக்கும் டேங்கில் நெருப்பு வைக்கக் கூடாது. சூடு பட்ட தகடு முறுக்கு இழந்துவிடும். உள்ளே துரு தின்று மெலிந்த பழைய தகடு என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் தாங்கலாம், ஒரு மாதம் தாங்கலாம். தாங்காத அன்று அது கம்ப்ரஸர் அல்ல, வெடிகுண்டு.

"என்ன மாப்ளே, பேச்சையே காணோம்?" என்றார் மாமனார். தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் ஏற்றிவிட்ட கவசக் கண்ணாடியை இன்னும் இறக்கவில்லை. "இடம் பத்தலை, பத்தலைன்னு முனகிட்டே இருந்தீங்கல்ல? எடுத்து நிறுத்திட்டேன்."

"மாப்ளையையும் இப்படி நிமிர்த்தி நிறுத்த ஏதாவது வழி இருக்காப்பா?" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான்.

"இல்ல மாமா... டேங்க்ல வெல்டிங் வைக்கக் கூடாதுன்னு..."

"எவன் சொன்னான்? என் வெல்டிங் விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லட்டும், அன்னைக்கே மீசையை எடுத்துடறேன்!"

"மனுஷன் வெயில்ல வெந்து செஞ்சிருக்கார். வாயில ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு," என்று மாமியார் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிக்கொண்டே, காலியான இடத்தில் பேத்தியின் படிப்பு மேஜையைக் கொண்டுவந்து போட்டாள். டேங்குக்கும் மேஜைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை.

அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே அவனுக்குப் பெயர் கிடையாது. வண்ணம் அடிக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட "மாப்பிள்ளை இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து தட்டு நிறையச் சோறு, தட்டாத மரியாதை. முகத்துக்கு நேரே கடிந்து ஒரு சொல் இல்லை. அதுவல்லவா சிறை! அடிக்க ஓங்கிய கையைப் பிடித்துத் தடுக்கலாம். அள்ளிக் கொடுக்கும் கையை எந்த நியாயம் பேசித் தடுப்பது? கூலியாள் எதிர்த்துப் பேசினால் உரிமை. மகன் எதிர்த்துப் பேசினால் வயதுக் கோளாறு. மாப்பிள்ளை எதிர்த்துப் பேசினால் அது நன்றி கெட்டதனம். பெரியவர் சொல் என்பதற்காகவே ஒரு சொல்லை இரும்பும் மதிக்கும் என்று நம்புகிற வீடுகள் எத்தனை! இரும்புக்கு மாமன் தெரியாது, மச்சான் தெரியாது.

சமையலறையில் மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நெஜமாவே வெடிச்சிடுமா?"

"வெடிக்கலாம். எப்பன்னு தெரியாது."

"அப்போ நான் அப்பாகிட்ட சொல்றேன்."

"நீ சொன்னா நான் தூண்டிவிட்டதா ஆயிடும்."

"மேஜையையாவது எடுத்துடறேன்."

"எடு. உங்கம்மா மறுபடி போடுவாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வித்துடுங்களேன்."

"வாங்கறவன் வீட்லயும் புள்ளைங்க இருக்குமே."

அதற்குமேல் அவளிடம் வழியில்லை. அவனிடமும் இல்லை. மறுநாள் மோட்டார் சூடாகிறது என்றான். அடுத்த நாள் பெயிண்ட் வரவில்லை என்றான். முடிக்க வேண்டிய கதவுகள் ஷெட்டுக்கு வெளியே அம்மணமாகச் சாய்ந்து கிடந்தன. மாமனார் ஒவ்வொரு வேளையும் வந்து கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னார்: "நீங்க ஓட்ட வேணாம். சாயங்காலம் நானே ஓட்டிக் காட்டறேன். பாப்பா பார்க்கட்டும், தாத்தா வேலைன்னா என்னன்னு."

மாப்பிள்ளை கை கழுவிக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போனான். மகள் மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அம்மா கூப்பிடறா."

"கூப்பிடலையே?"

"இப்ப கூப்பிடுவா. போ."

அவள் நோட்டை விரித்தபடியே விட்டுவிட்டு ஓடினாள். அவன் கம்ப்ரஸரின் பிளக்கைப் பிடுங்கினான். அடித் திருகைத் திறந்து, உள்ளே காற்றில்லை என்று உறுதி செய்துகொண்டான். பெட்டியில் இருந்த மிகத் தடித்த துளையூசியை டிரில்லில் பொருத்தினான். ஓட்டை விழுந்த டேங்கை எந்தக் கொம்பனும் ஓட்ட முடியாது. இந்த டேங்க்தான் அவனுக்கும் சோறு. வேறொன்று வாங்கும் வரை மாமனாரின் சோறுதான். அதுவும் இனிக் கிடைக்குமா? ஊசியை டேங்கின் நடு வயிற்றில் வைத்து அழுத்தினான்.

இரும்பு கிறீச்சிட்டது. வீடு முழுவதும் எழுந்து வரும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்டது. "ஐயையோ, என்ன பண்றார் இவர்!" என்றாள் மாமியார். "மாப்ளே!" என்று மச்சான் கத்தினான். அவன் திரும்பவில்லை. திரும்பினால் கை நின்றுவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஊசி திடீரென்று உள்ளே இறங்கியது. அவன் முன்னால் சரிந்து, டேங்கின்மேல் நெற்றி முட்டி நின்றான். டிரில் ஓய்ந்தது.

மாமனார் மெல்ல நடந்து அவனைக் கடந்து வந்தார். முதலில் துளையைப் பார்க்கவில்லை. தான் போட்ட வெல்டிங்கைத்தான் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு மேஜையருகே குனிந்தார். துளையிலிருந்து சுருண்டு தெறித்த ஒரு பளபளக்கும் இரும்புச் சுருள், பேத்தியின் முடியாத கணக்கின்மேல் விழுந்து, தாளைப் பழுப்பாக்கிக்கொண்டிருந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அது இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அவர் கையைத் திறக்கவில்லை.