எழில்மொழிக்கு எத்தனை கிலோமீட்டர்?

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் என்னுடையது. ஒரு பத்திரிகையின் விளையாட்டு மலருக்காக 'வடசென்னையிலிருந்து நெஞ்சைத் தொடும் வெற்றிக் கதை' கேட்டார்கள். கைவசம் இருக்கிறது என்றேன். இருந்தது ஒரு காட்சி மட்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் விடிந்தும் விடியாத நேரம், காலி ட்ரெய்லர் லாரியின் முதுகில் ஒட்டிக்கொள்ளாத குறையாக ஒரு பெண் சைக்கிள் மிதித்துப் போனாள். சாகப் போகிறாள் என்று பதறி, ஸ்கூட்டரில் துரத்தி, "ஓரமா போம்மா!" என்று கத்தினேன்.

"யோவ், குறுக்க வந்து உசுர எடுக்காத! ஸ்பீடு பூட்ச்சி பாரு!" என்றாள்.

அவள்தான் எழில்மொழி. லாரி ஓட்டியது அவள் அப்பா துரை.

2.

நான் எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கடல் அவளை அழைத்தது. அலைகளின் மடியில்..." (அழைக்கவில்லை. திருவொற்றியூர்க்காரிக்கு அந்தத் தண்ணீரில் கால் வைத்தாலே அரிக்கும். வாரம் இரண்டு நாள், ஷேர் ஆட்டோ மாறிப் போய் நீச்சல்குளத்தில் நீந்துகிறாள். சுமாராகத்தான் நீந்துகிறாள்.)

"வறுமையின் கோரப்பிடியில்..." (மாதச் சம்பளக்காரி. ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய பதக்கங்களால் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர்.)

"ட்ரையத்லான் என்பது..."

சரி, இதையாவது முடிக்கிறேன். நீந்தி, ஈரம் சொட்டச் சைக்கிளேறி, இறங்கியதும் ஓட வேண்டும். குறுந்தூரம் என்றால் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது சைக்கிள், பத்து ஓட்டம். ஓரிரு வாரத்தில் உடம்பு தேறிவிடும், வருடத்துக்கு ஏழெட்டுப் போட்டி தாங்கும். நடுத்தூரத்தில் சைக்கிள் மட்டுமே தொண்ணூறு. வருடத்துக்கு மூன்று நான்கு போதும். முழுத்தூரத்தில் நூற்றெண்பது. இரண்டு முடித்தால் அந்த வருடத்துக்குக் கும்பிடு. ஒன்றை முதன்மைப் போட்டியாக வைத்து, அதிலிருந்து வாரங்களைப் பின்னோக்கி எண்ணிப் பயிற்சி அட்டவணை போடுவார்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டுப் பெண் தேடுவார்களே, ஏறக்குறைய அந்த வரிசைதான்.

தொழில்முறை வீரர்கள் ஆசைப்பட்ட தூரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தங்கள் குறை எந்தத் தூரத்தில் கொஞ்சமாகத் தெரியுமோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். (எழுத்தாளர்கள் சிறுகதையா நாவலா என்று முடிவெடுப்பதும் இப்படித்தான். வெளியே சொல்லாதீர்கள்.)

3.

எழில்மொழியும் தொழில்முறை வீராங்கனைதான். ஒரு கம்பெனி வருடத்துக்கு இரண்டு ஜோடி ஷூ தருகிறது. அலுவலகம் ஒரே ஒரு வருடம் சிறப்பு விடுப்பு தரச் சம்மதித்திருக்கிறது. நிபந்தனை, முதன்மைப் போட்டி எது, எந்தத் தூரம் என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். அதில் முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் மறுபடி நாற்காலி, கோப்பு, டீ. இன்னொரு விடுப்பு இந்த ஜென்மத்தில் கிடையாது. திங்கட்கிழமை கடைசி நாள்.

பயிற்சியாளர் ஆன்றோ ஐந்து நிமிடத்தில் முடிவு சொன்னார். "குறுந்தூரத்துல முன்னாடி போறவங்க முதுகுக்குப் பின்னால காத்து படாம ஓட்டலாம். ஆனா நீ தண்ணிய விட்டு ஏறுறதுக்குள்ள அவங்க போயிருப்பாங்க. நடுத்தூரத்துல பின்னால ஒட்டவே கூடாது. பன்னெண்டு மீட்டர் இடைவெளி, தனியா காத்த கிழிக்கணும். உன் சைக்கிள் வேகம் மணிக்கு நாப்பத்திரண்டு கிலோமீட்டர்! உனக்குன்னே வெச்ச தூரம் இது."

நாற்பத்திரண்டு. அவள் மீஞ்சூர் கன்டெய்னர் யார்டு வரை தினமும் ஓட்டும் இருபது கிலோமீட்டரின் சராசரி. இருபதை நாலரையால் பெருக்கினால் தொண்ணூறு, கணக்கில் பிழையில்லை. கால் எவ்வளவு உழைக்கிறது என்று அளக்கும் கருவி சைக்கிளில் இருந்திருந்தால் குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். அவளிடம் இருந்தது போன். அது வேகத்தை மட்டும் சொன்னது, காற்றை மறைத்துக்கொண்டு முன்னால் போன லாரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

4.

துரை விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. குடித்துவிட்டு மகளின் ஷூவை அடுப்பில் போடும் அப்பாவாக அவரை மாற்றினால் மலருக்குத் தோதாக இருக்கும். ஆனால் மனுஷன் இரண்டு வருடமாக, காலி வண்டியை அவளுக்காகவே சீராக ஓட்டியவர். வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்பு காட்டி ஆளைக் கவிழ்ப்பவரை எந்த மலரில் போடுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், யார்டு வாசலில், அவள் சொன்னாள்.

"நைனா, லாரி மேட்டர கோச்சாண்ட நான் சொல்லல."

"இன்னாத்துக்கு சொல்லணும்? காத்து இன்னா அவரு அப்பன் வூட்டு சொத்தா?"

"ரேஸ்ல ஒட்டிக்கினு போனா அஞ்சு நிமிசம் பெனால்டி கூடாரத்துல குந்த வெச்சிருவாங்கோ. எனக்குப் பழக்கமே அதான். அன்னிக்கு நீ ஹார்பர் கேட்டு கியூல மாட்டிக்கினப்ப தனியா ஓட்னேன்."

"எவ்ளோ வந்துச்சி?"

"முப்பத்திமூணு."

துரை டயரை ஒரு தட்டுத் தட்டினார், காற்று பார்ப்பதுபோல.

"அப்ப ரெண்டு வருசமா ஓட்னது நான்தானா, கண்ணு?"

இந்த இடத்தில் கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

5.

முடிவுகள், கைக்கு வந்தபடி:

(அ) மறைக்கிறாள். நடுத்தூரம் போகிறாள். ஐம்பதாவது கிலோமீட்டரில் கால் பழக்கத்தில் எவள் முதுகிலோ ஒட்டி, கூடாரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மற்றவர்கள் போவதை எண்ணுகிறாள்.

(ஆ) குறுந்தூரம் எழுதுகிறாள். ஒட்டுவதற்கு அனுமதி உண்டு, ஒட்ட முதுகுதான் இல்லை. நீச்சல் முடித்து வரும்போது சாலை காலி.

(இ) திடீரென்று ஒரு... (வேண்டாம். மலர்க்காரர்களுக்குப் பிடித்துவிடும்.)

6.

ஞாயிறு காலை நடந்தது இது. இதை நான் எழுதவில்லை, பார்த்தேன். எழில்மொழி முன்னால் போனாள். துரை ட்ரெய்லரை அவளுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி, விளக்கைச் சிமிட்டவிட்டு, மற்ற லாரிகள் அவளை நெருங்காதபடி சைக்கிள் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவர்கள் அவர் பரம்பரையையே சந்திக்கு இழுத்தார்கள். கடற்காற்று நேரே அவள் முகத்தில் அறைந்தது. யார்டு வாசலில் இறங்கி, குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு போனை எடுத்து ஆன்றோவுக்கு எழுதினாள்: "சார், இதுக்கு முன்ன குடுத்த ஸ்பீடெல்லாம் அப்பா லாரி பின்னால ஓட்டுனது. இன்னிக்கு தனியா ஓட்டுனேன், முப்பத்திரண்டு."

அவர் பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. நாளை திங்கள். விண்ணப்பத்தில் 'தூரம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. மலர்க்காரர்கள் வெற்றி எங்கே என்று கேட்டு நான்கு முறை அழைத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை.

கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். எந்தத் தூரம் வேண்டுமானாலும் எழுதுங்கள், ஜெயிக்க வையுங்கள், தோற்க வையுங்கள். கணக்கை மட்டும் முப்பத்திரண்டிலிருந்து தொடங்குங்கள். அது அவள் ஓட்டியது.