கல்நாய் கக்கிய தண்ணீர்

மாதா கோயிலின் வடக்குச் சுவர் ஒரு கை அகலத்துக்கு வெளியே சாய்ந்துவிட்டது. எத்தனையோ தலைமுறையாகக் கூரைத் தண்ணீர் அதன் காலடியிலேயே கொட்டி, அஸ்திவாரம் ஊறிப்போயிருந்தது.

"முட்டுச்சுவர் எழுப்பு. மேல கல்லுல ஓடை வச்சுத் தண்ணியத் தூரமா தள்ளு. மாதா திருநாளுக்குள்ள முடியணும்" என்றார் பங்குச்சாமியார். கொத்தன் ஜெர்வே தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டினான். சுவர் விழுந்தால் கோயிலே விழும்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி எர்மின் பட்டாணிக் கூழ்ச் சட்டியை ணங்கென்று வைத்தாள்.

"ஓடை வச்சா நம்ம பிள்ளை மேல எப்படிய்யா தண்ணி விழும்?"

அவர்கள் மகள் மூச்சில்லாமல் பிறந்தவள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, மோட்சமும் இல்லை. ஆனால் கோயில் கூரையில் பட்டு விழும் மழை தீர்த்தத்துக்குச் சமம் என்று ஊர்ப் பெண்கள் நம்பினார்கள். அதனால் அப்படிப்பட்ட பிள்ளைகளை வடக்குச் சுவரோரம், இறவாரத்துக்கு நேர் கீழே புதைப்பார்கள். சாமியார்களும் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். இவளைப் புதைத்ததிலிருந்து ஒரு சொட்டு மழையில்லை.

"ஒரு மழை பெய்யட்டும். அப்புறம் வை."

"சாமி விடமாட்டேங்கிறாரே."

"அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா!"

ஜெர்வே முடிந்தமட்டும் இழுத்தடித்தான். உளி மழுங்கிவிட்டது என்றான். சுண்ணாம்பு சரியில்லை என்றான். "என்னண்ணே, கல்லுக்குத் தாலாட்டா பாடுற?" என்று உடன் வேலை செய்த திபோ கிண்டலடித்தான். வானம் வெளுத்தே கிடந்தது. மாதா திருநாளும் தாண்டியது. கடைசியில் ஓடை ஏறிவிட்டது. அது முடியும் மூலையில் வாய் பிளந்த கல்நாய். வடக்குக் கூரையின் தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகத்தான் எட்டப்போய் விழும்.

சாரத்தில் நின்று ஓடையில் வாளித் தண்ணீரை ஊற்றினான். நாய் கக்கியது.

"திபோ, தண்ணி விழுந்த இடத்துல ஒரு குச்சி நடு."

"எதுக்குண்ணே?"

"நடுன்னா நடுடா."

ஊரே திராட்சை பறிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைச் சுற்றிய துணிமூட்டையைத் தோண்டி எடுத்து அந்தக் குச்சியடியில் புதைத்தார்கள்.

"மத்த பிள்ளைங்க?" என்றான்.

"அதுங்களுக்குத்தான் முன்னமே விழுந்தாச்சே. இனி எல்லாத் தண்ணியும் இவளுக்கு."

மிக்கேல் சம்மனசு திருநாள் வாக்கில் மழை பிடித்தது. விடாமல் ஊற்றியது. கொஞ்சம் வெறித்ததும் எர்மின் முன்னே ஓடினாள்.

கல்நாயின் கீழே மண்ணே இல்லை. இடுப்பளவு குழி. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் வேறு, ஒரே தாரையாக விழும் தண்ணீர் வேறு. கொத்தனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கிழிந்த துணி பன்றிகள் போகும் பாதை வரை இழுபட்டுக் கிடந்தது. ஜெர்வே சேற்றைத் துழாவினான். கொஞ்சம்தான் கிடைத்தது.

"இவ மேல தண்ணி விழுந்துச்சாய்யா?"

"விழுந்துச்சு. நிறையவே."

"அப்ப ஞானஸ்நானம் ஆயிடுச்சு. கல்லறைத் தோட்டத்துக்குள்ளயே வைக்கலாம்."

கிடைத்ததை மடியில் கட்டிக்கொண்டு நேரே சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மடியைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"செத்துப் பிறந்த பிள்ளைக்கு எந்தத் தண்ணியும் ஞானஸ்நானம் ஆகாதும்மா. வீட்டுக்குப் போ."

கதவு சாத்திக்கொண்டது.

ஜெர்வே பழைய இடத்திலேயே, தான் வைத்த ஓடைக்குக் கீழே சுவரோரம் தோண்டப் போனான். அத்தனை மழைக்குப் பிறகும் அங்கே மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. மண்வெட்டி இறங்கவில்லை.