முக்கால் ஆம்பியர்

வேலைக்கு விடுமுறையான அந்தக் காலையில் வீட்டில் இரண்டு மாணவிகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

மூத்தவள் அண்ணி. பெரிய சலவை நிலையம் ஒன்றின் இஸ்திரிப் பகுதியில் அவளுக்கு வேலை. ஆவியும் சூடும் கையைப் பதம் பார்த்தே பல வருடம் ஓடிவிட்டது. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவுக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், மின் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் பழைய ஆட்களுக்கே முதலிடம் என்றும் மேலாளர் ஒருநாள் சொன்னார். அன்றே போய் மாலை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

இளையவள் அவளுடைய நாத்தனார். பொம்மைக் கடையில் விற்பனைப் பெண். குழந்தையில் வைத்த 'பொடிசு' என்ற பெயர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் வளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணிக்குத் துணையாக வகுப்புக்குப் போனவள், முதல் வாரத்திலேயே அண்ணியை முந்திவிட்டாள். முந்தியதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் தேர்வுத்தாள் வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அண்ணியின் பிள்ளைகள் இரண்டும் இருக்கும்போதே, "அண்ணிக்கு நாலு மார்க். நம்ம பூனை போய் உட்கார்ந்திருந்தாக்கூட அஞ்சு வாங்கியிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அண்ணி சமையலறை மேசையில், பொடிசு பால்கனியில். நடுவில் மாட்டிக்கொண்டவன் அண்ணியின் கணவனான அண்ணன். பேருந்து ஓட்டுநர். வீட்டில் இருந்தது ஒரே கால்குலேட்டர். அது இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் போகவேண்டும் என்றால் அவன்தான் சோபாவிலிருந்து எழுந்து கொண்டுபோக வேண்டும். மின்சாரத்தைப் பற்றி அவனுக்கு இருந்த கருத்து ஒன்றுதான்: சுவிட்சைப் போட்டால் வர வேண்டும். அதற்குள் என்ன நடக்கிறது என்று கிளறப்போய்த்தான் வீட்டில் இவ்வளவு வில்லங்கம் என்று அவன் நினைத்தான்.

அன்று மாலைக்குள் கணக்குகளைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று ஆசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். மாடியிலிருந்து விழும் கல், தண்ணீர் சூடேற்றும் கம்பி என்று மற்றதையெல்லாம் அண்ணி ஒருவழியாக முடித்துவிட்டாள். கடைசிக் கணக்கு மட்டும் மசியவில்லை.

படம் என்னவோ எளிமையாகத்தான் இருந்தது. மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இடையில் மூன்று பாதைகள். இடதுபுறப் பாதையில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் இரண்டு ஓம் மின்தடையும். வலதுபுறத்தில் நாலு வோல்ட் பேட்டரியும் நாலு ஓம் மின்தடையும். நடுவில் வெறும் நாலு ஓம் மின்தடை. இரண்டு பேட்டரிகளுக்கும் கூட்டல் முனை மேல்பக்கம். ஒவ்வொரு பாதையிலும் எவ்வளவு மின்னோட்டம் என்பதுதான் கேள்வி.

பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்துதானே மின்னோட்டம் கிளம்பும் என்று, இரண்டு ஓரங்களிலும் மேல்நோக்கி அம்புக்குறி போட்டாள் அண்ணி. இரண்டும் மேலே சேர்ந்து நடுவழியாகக் கீழே இறங்கட்டும். சமன்பாடுகளை எழுதி முடித்தபோது இடப்பக்கம் இரண்டரை ஆம்பியர் வந்தது. நடுவில் ஒன்றே முக்கால். வலப்பக்கம் முக்கால், ஆனால் முன்னால் ஒரு கழித்தல் குறி.

ஒன்றுமே ஓடாமல் இருந்தால் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே எப்படி ஓடும்? எங்கோ கூட்டலில் சறுக்கியிருக்கிறோம் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அதே கழித்தல் குறி. மறுபடி அழித்ததில் தாள் ஓட்டையானது. வேறு தாள் எடுத்துப் போட்டாள். அதிலும் விடாமல் வந்து நின்றது. இஸ்திரிப் பெட்டியே கதி என்று இருந்திருக்கலாம், இந்த வயதில் இது தேவையா என்று பென்சிலை மேசையில் போட்டாள். பால்கனியில் அவள் எப்போதோ முடித்திருப்பாள் என்ற எண்ணம் வேறு.

கடைசியாக ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம் என்று கால்குலேட்டர் கேட்டாள். அண்ணன் போய் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டு, படுக்கப் போனான். பொடிசு அதை அழிக்காமலே கொடுத்திருந்தாள். திரையில் 0.75 என்று இருந்தது. முன்னால் எந்தக் குறியும் இல்லை.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண் ஒன்றுதான். அப்படியென்றால் தான் முழுக்கத் தப்பில்லை. குறி மட்டும் எங்கே போயிற்று? ரோஷம் ஒரு பக்கம் இழுத்தாலும் கால்கள் தாமாகவே பால்கனிக்குப் போய்விட்டன.

துணி காயும் கொடிக்குக் கீழே பொடிசு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"உனக்கு முக்கால் வந்ததா?" என்று கேட்டாள் அண்ணி.

"வந்தது. ஆனா எல்லாமே தப்பு அண்ணி. அவசரத்துல வலப்பக்க அம்பைக் கீழ்நோக்கிப் போட்டுட்டேன். இப்போ கரண்ட் பேட்டரிக்குள்ளேயே திரும்பிப் போற மாதிரி வருது. அது எப்படிப் போகும்?"

அண்ணி இரண்டு தாள்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் அம்பு மேலே, கழித்தல் முக்கால். இன்னொன்றில் அம்பு கீழே, வெறும் முக்கால். மற்ற எண்கள் அச்சு அசலாக ஒன்று.

"இரு, சரிபார்த்துடலாம்" என்று தரையில் உட்கார்ந்தாள். மூன்று பாதைகளுக்கும் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் பொது என்பதால், எந்தப் பாதை வழியாகக் கணக்கிட்டாலும் அந்தக் கம்பிகளுக்கிடையே ஒரே வோல்ட்தான் வர வேண்டும். இடப்பக்கம் பன்னிரண்டில், மின்தடையில் விழும் ஐந்து போக ஏழு. நடுவில் ஒன்றே முக்காலை நாலால் பெருக்கினால் ஏழு. வலப்பக்கம் பேட்டரியின் நாலோடு, மின்தடையில் விழும் மூன்றையும் சேர்த்தால் அதுவும் ஏழு.

பொடிசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள். "அப்போ நிஜமாவே உள்ளேதான் போகுது. பெரிய பேட்டரி சின்னதை சார்ஜ் பண்ணுது அண்ணி. நம்ம போன் சார்ஜ் ஆகுற மாதிரி. நீங்க அம்பை எதிர்ப்பக்கம் போட்டீங்க, அதைத்தான் அந்தக் கழித்தல் சொல்லுது."

அண்ணிக்கு மார்பில் ஏற்றி வைத்த பாரத்தை யாரோ இறக்கியது போல இருந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கொடியில் தொங்கிய சட்டையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் கழுத்தில் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பொடிசு தலை குனிந்தபடி சொன்னாள்: "அந்த நாலு மார்க்கைப் பிள்ளைங்க முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

"மார்க்கைச் சொன்னதுகூடப் போகட்டும். நடுவுல பூனையைக் கொண்டுவந்தே பாரு, அதைத்தான் தாங்க முடியல."

பொடிசு சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. அண்ணிக்கும் பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு எழுந்துவந்த அண்ணன், இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இனித் தன்னைத் தபால்காரன் வேலையிலிருந்து நீக்கிவிடலாமா என்று விசாரித்தான். நீக்கியாயிற்று, போய்த் தேநீர் போடலாம் என்று பதில் வந்தது. முனகிக்கொண்டே போய்ப் போட்டான்.

மாலை வகுப்பில் தாள்களை வாங்கும்போது, கடைசிக் கணக்கில் யாருக்காவது கழித்தல் வந்ததா என்று ஆசிரியை கேட்டார். பின்வரிசையில் ஒருவர் அவசரமாகத் தன் தாளில் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். அண்ணி கையைத் தூக்கினாள். அது என்ன சொல்கிறது என்று கேட்டார் ஆசிரியை. மின்னோட்டம் தான் போட்ட அம்புக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது, சின்ன பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று எழுந்து நின்று சொன்னாள். ஆசிரியை தலையாட்டி, அதைப் பலகையில் எழுதச் சொன்னார்.

அடுத்த வாரம் முதல் இருவருக்கும் ஆய்வுக்கூடம். திரும்பி வரும் பேருந்தில் பொடிசு அடுத்த பாடத்தைப் புரட்டி, மின்தேக்கி என்று தலைப்பை மட்டும் படித்தாள். அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள் அண்ணி. சரியென்று பொடிசு புத்தகத்தை மூடி நிமிர்ந்தபோது, அண்ணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.